சொந்த முகம்

தன் வெண்கலச் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்த அகேனோரையே பார்த்துக்கொண்டிருந்தார் சிற்பி பைலோன். ஒலிம்பியாவில் குத்துச்சண்டையில் ஜெயித்தவன். அங்கேயே நிற்கப்போகிற சிலை.

"உடம்பு பிரமாதம் பெரியவரே. ஆனா மூஞ்சி என்னோடது இல்லையே?"

"நீ ஒரு தடவைதானே ஜெயிச்சிருக்கே தம்பி. மூணு தடவை ஜெயிச்சவனுக்குத்தான் சொந்த முகம், அதான் ஒலிம்பியா சட்டம். மத்தவங்களுக்கு ஏதோ ஒரு நல்ல முகத்தை வெச்சிடுவோம்."

"மெழுகுல பிடிக்கும்போதே காட்டியிருக்கலாம்ல?"

"மெழுகு உருகி ஓடியாச்சு. அந்த இடத்துல வெண்கலம் இறங்கியாச்சு. இனிமே மாத்த முடியாது."

"இந்த வேலையை நீங்களே கேட்டு வாங்கினீங்களாமே?"

"ஆமா. வேற எவனும் செய்யக்கூடாதுன்னு நினைச்சேன்."

செம்பு பதித்த உதடுகளை அகேனோர் உற்றுப் பார்த்தான். "எங்கேயோ பார்த்த முகமா இருக்கே!"

"ஒலிம்பியாவுல பார்த்திருப்பே."

எவ்வளவு யோசித்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கிளம்பிப் போனான்.

பைலோனின் மனைவி மெலித்தா எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளேயிருந்து வந்தாள். மகனைப் போட்டிக்கு அனுப்பிய காலையில் செய்தது போலவே, வெண்கலக் கன்னங்களில் எண்ணெய் தடவினாள்.

"இனிமே ஊர் உலகமெல்லாம் வந்து நம்ம புள்ளைக்கு மாலை போடும், இல்லீங்க?"

"போடும்," என்றார் பைலோன், பீடத்தில் பெயர் பொறிக்க உளியை எடுத்தபடி. "அவனைக் குத்திக் கொன்னவன் பேரைச் சொல்லிப் போடும்."