புதிய சேர்க்கை கிடையாது

இறந்துபோனவர் வரவேற்பறையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

சமையற்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்த பொறுப்பு சிஸ்டர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

ராயப்பன். வேடசந்தூரில் அரிசிக் கடை வைத்திருந்தவர். சிஸ்டர்கள் நடத்தும் இந்த முதியோர் இல்லத்துக்கு இருபத்திரண்டு வருடம், மாதம் தவறாமல், இரண்டு மூட்டை அரிசி அனுப்பியவர். மூன்று வருடத்துக்கு முன்பு அது நின்றுபோயிற்று.

மாலை ஜெபத்தில் உபகாரிகளின் பெயர்களை வாசிப்பது இங்கே வழக்கம். உயிரோடு இருப்பவர்கள் ஒரு அட்டையில். மரித்தவர்கள் இன்னொரு அட்டையில்.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ராயப்பனை மரித்தோர் அட்டைக்கு மாற்றியது அவள்தான். அவர் ஆத்மா இளைப்பாறக் கோயிலில் பூசையும் வைத்தாள். அதுவும் செலவு கூடிய பாட்டுப் பூசை.

அந்த மனிதர் உயிரோடு இருந்துகொண்டே நிறுத்துவார் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவனமாகக் கீழே வைத்தார். பக்கத்தில் மனைவி சலேத்தம்மாள், மடியில் ஒரு துணிப்பையோடு.

"எங்களுக்காக இன்னும் வேண்டிக்கிறீங்களா சிஸ்டர்?"

"தினமும் வேண்டிக்கிறோம் ஐயா."

பொய் இல்லை. ஆனாலும் அவளுக்குக் காது சுட்டது.

கடை போய்விட்டது என்றார். மகன்கள் பாகம் பிரித்தார்கள் என்றார். பாகத்தில் அப்பாவும் அம்மாவும் யார் பங்கிலும் வரவில்லை என்றார். மூன்றே வாக்கியம். வியாபாரி அல்லவா, இழுத்துப் பேசிப் பழக்கமில்லை.

கரூர்ப் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது. படுக்க ஒரு பெஞ்சு தருவார்கள். மனைவியை அங்கே எங்கே வைப்பது?

"இவள மட்டும் வச்சுக்கோங்க சிஸ்டர். ரொம்பச் சாப்பிட மாட்டா."

அரிசி கொடுத்தவர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்திருக்க வேண்டாம்.

சபையின் மாகாணத் தலைமை இல்லத்திலிருந்து கடிதம் வந்து பத்து நாளாகிறது. சிக்கனம் என்ற சொல் அதில் ஐந்து இடத்தில் இருந்தது. பின்பக்கம் எழுதாத தாள். அவள் அதைப் பால் கணக்குக்கு வைத்துக்கொண்டாள்.

இனிப் புதிய சேர்க்கை கிடையாது. யாராவது இறந்தால் அந்தக் கட்டிலை மடக்கிவிட வேண்டும். ஆட்கள் பத்துப் பேராகக் குறைந்ததும் இல்லத்தை மூடிவிடலாம்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். முதலில் வேனை விற்று டிரைவரை அனுப்பினார்கள். பிறகு சமையற்காரம்மாவை. டீயில் பால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றானது. இனிக் குறைப்பதற்கு மனிதர்கள்தான் பாக்கி.

கோபப்படலாம் என்றால் அதற்கும் ஆளில்லை. கொடுத்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் புதுக் கோயிலின் கோபுரத்துக்குக் கொடுக்கிறார்கள். கோபுரத்தில் பெயர் பொறிக்கலாம். கஞ்சியில் எங்கே பொறிப்பது?

"எடம் இல்லேன்னா சொல்லிருங்க சிஸ்டர். ஆறு மணிக்கு பஸ்ஸு இருக்கு."

இடம் இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

அப்போது ஒரு காலிக் கட்டில் நினைவுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமைதான் பிலோமினாளை அடக்கம் செய்தார்கள். கட்டில் இன்னும் மடக்கவில்லை. மாத அறிக்கையும் இன்னும் போகவில்லை.

அவள் நாற்காலியைச் சலேத்தம்மாளின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, பிலோமினான்னு ஒருத்தங்க இங்க இருந்தாங்க. போன செவ்வாக்கிழம செத்துட்டாங்க. அத நான் மேலிடத்துக்கு இன்னும் எழுதல. இனி எழுதப் போறதும் இல்ல. நீங்க அவங்க கட்டில்ல இருந்துக்கோங்க. வருசத்துக்கு ரெண்டு தடவ மேலிடத்துலேருந்து பெரிய சிஸ்டர் வந்து பேர் கூப்பிடுவாங்க. மொகமெல்லாம் அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. பிலோமினான்னு கூப்பிட்டா நீங்க எந்திரிக்கணும். அவ்ளோதான்."

துறவறம் ஏற்ற இருபத்தொன்பது வருடத்தில் அவள் இப்படி ஒரு பொய்க்கு ஏற்பாடு செய்ததில்லை. வாய் குழறாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ராயப்பன் எழுந்து கும்பிட்டார். அதைப் பார்க்கக் கூசி அவள் பதிவேட்டைப் பிரித்தாள். பிலோமினாளின் பக்கம். வயது எழுபத்தொன்று. அது பரவாயில்லை, கிட்டத்தட்டச் சரியாக வரும். பிள்ளைகள் இல்லை. அதுவும் இப்போது பொய்யில்லை.

அதற்கடுத்த வரியில் விரல் நின்றது.

"அம்மா, யாராச்சும் கேட்டா..." விரலை எடுக்காமலே சொன்னாள். "புருசன் இல்லேன்னு சொல்லணும். இதுல அப்படித்தான் எழுதியிருக்கு. ஐயா இனிமே இங்க வந்து பாக்கவும் கூடாது. யார் கண்ணுலயாவது பட்டா ரெண்டு பேரையுமே வெளிய அனுப்பிருவாங்க."

ராயப்பன் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். கும்பிட்ட கையை எப்படி இறக்குவது என்று தெரியாதவர் போல நின்றார்.

பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

சலேத்தம்மாள் மடியிலிருந்த பையை பெஞ்சின் மேல் வைத்தாள். புருஷனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, வலது கால் மெட்டியைப் பிடித்துத் திருகினாள். விரல் வீங்கியிருந்தது. மறுபடியும் திருகினாள்.

"கொஞ்சம் சோப்பு இருந்தாக் குடுங்க சிஸ்டர். கழல மாட்டேங்குது."