நாலு லட்சத்தின் விலைச்சீட்டு

பழங்காசுக் கண்காட்சியில் தேவசகாயம் விற்கும் காசுகளுக்கெல்லாம் விலைச்சீட்டு எழுதுவது அவர் மனைவி அமலிதான். இந்த முறை திருவிதாங்கூர்ச் சக்கரத்துக்கும் டச்சுத் துட்டுக்கும் நடுவே ஒரு தாளையும் உறையிலிட்டு வைத்திருந்தாள். கிரிக்கெட் பந்தயச் செயலி ஒன்றில் கணவர் பெயரில் நாலு லட்சம் இருப்பதாக அதில் அச்சாகியிருந்தது. மார்ச்சிலிருந்து அந்தச் செயலி யாருக்கும் பணம் தரவில்லை. சீட்டில் விலை இருபது ரூபாய்.

பழைய நோட்டுகள் சேகரிக்கும் லில்லி டீச்சர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு இருபது ரூபாயை நீட்டினார். தேவசகாயம் பிடுங்காத குறையாக உறையை வாங்கிக்கொண்டார்.

"இது விக்கறதுக்கில்ல டீச்சர். நாங்க செல்லாத காசத்தான் விக்கிறோம். இது செல்லும்."

"எப்ப?" என்றாள் அமலி.

"அடுத்த வாரம்னு மெயில் வந்திருக்கு."

அமலி சீட்டில் இருபதை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினாள்.