நீலப் படித்துறை

விடிந்து வெயில் ஏறுகிறது. படித்துறையோரம் தாமிரவருணி நீலமாக ஓடுகிறது. இடுப்பளவு நீரில் நிற்கும் செல்லக்கிளி, ஈசன் கழுத்தின் நிறமே ஆற்றில் கரைந்து வந்ததென்று மெய்சிலிர்த்துக் கைகூப்புகிறாள். கூப்பிய விரல்களிலும் நீலம் மின்னுகிறது. கரையில் சுகாதார இன்ஸ்பெக்டர் புதுப் பலகை ஒன்றை ஆணியடித்து நிறுத்துகிறார். நூல் சாயக் கம்பெனி நன்கொடையாகக் கொடுத்த பலகை. எழுத்துகளும் அதே நீலம்.

“என்னய்யா எழுதியிருக்கு?”

“ஊரெல்லாம் வாந்திபேதி. இங்கன குளிச்சு ஆத்தை அழுக்காக்குனா அபராதம். கரையேறுளா.”

ஈரச்சேலையோடு படியேறியவள் திரும்பிப் பார்க்கிறாள். மேலே, கம்பெனி மதிலிலிருந்து நீட்டிய குழாய், யானைத் துதிக்கை போல, நீலத்தை ஆற்றில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பிரமிப்பு அடங்காமலே கேட்கிறாள்:

“அந்தக் குழாய்க்கும் இதை வாசிச்சுக் காட்டுவியளா அய்யா?”