முப்பத்தெட்டு அங்குலம்

பழைய சமையல் மேடையை இடித்து முடித்த பிறகுதான் மங்கையர்க்கரசி புது வரைபடத்தைச் சரியாகப் பார்த்தாள். மேடையின் உயரம் முப்பத்தெட்டு அங்குலம் என்றிருந்தது. அவளுக்கு அது முழங்கைக்கு மேலே நிற்கும்.

"சமைக்கிறவங்கள நிக்க வெச்சுத்தானே மேடைக்கு அளவெடுப்பாங்க? நீங்க என்னை அளக்கவே இல்லையே," என்றாள்.

கான்ட்ராக்டர் ஜோதிராஜ் டேப்பைச் சுருட்டினார். "இப்பல்லாம் நாங்க அளக்கிறதில்லைங்க மேடம். உங்க ரெண்டு பேரோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டெல்லாம் பார்த்து, இனி பத்து வருஷத்துக்கு யார் சமைப்பாங்கன்னு கம்ப்யூட்டரே கணிச்சு அளவு போட்டுடும். இதுவரைக்கும் தப்பினதில்ல."

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் தயாளன் ஆறடி உயரம். காபிகூடக் கலக்கத் தெரியாதவர்.

"எனக்குத் தகுந்த மாதிரி முப்பத்திரண்டுல போட முடியாதா?"

"போடலாம்." ஜோதிராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆனா அடுத்த வருஷமே உடைச்சு ஏத்த வேண்டியிருக்கும்."

அவள் வரைபடத்தை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"அப்படியே இருக்கட்டும்."

வேலை முடியும்வரை சமைக்கவென்று பால்கனியில் வைத்திருந்த அடுப்பை அவள் பற்றவைத்தாள். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, டிவியை நிறுத்திட்டு இங்க வாங்க. ரசம் வைக்கச் சொல்லித் தரேன்."