ஈயமேடு

அன்று காலை ஈயமேட்டில் நின்றவர்கள்: மதலேனா, அவருடைய அண்ணன் பஸ்தியாம்பிள்ளை, ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த நான். மதலேனாவின் கணவர் ஸ்ரனிஸ்லஸ் கடலில் இருந்தார். விடிய வந்திருக்க வேண்டியவர், வரவில்லை.

ஈயமேடு, போர்க்காலத்தில் துப்பாக்கிச் சூடு பழகிய சிவப்புக் கிரவல் மண் மேடு. எங்கள் ஊரின் ஈயச் சுரங்கம் அதுதான். புதைந்த சன்னங்களைக் கிண்டி, ஈயத்தை உருக்கி, வலையைத் தாழ்த்தும் குண்டு வார்ப்போம். ஸ்ரனிஸ்லஸ் தன் குண்டுகளில் ஆணியால் சிலுவை கீறுவார்.

மண்வெட்டியில் முதலில் வந்தது சிலுவை கீறிய குண்டு. அது ஈரமாக இருந்தது.

"மச்சான் கடலுக்குப் போனவரோ, இஞ்சை குண்டு விதைக்க வந்தவரோ?" என்று பஸ்தியாம்பிள்ளை சிரித்தார்.

அடுத்த குண்டும் வந்தது. இரண்டும் ஒரே வலைக்கயிற்றில் கோத்திருந்தன. கயிறு மேட்டுக்குள் போனது. அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"அண்ணை, இழுக்காதேங்கோ," என்றார் மதலேனா. "மற்ற நுனியைக் கையிலை கட்டிக்கொண்டுதான் அவர் படகிலை படுக்கிறவர்."

பிறகு தானே இழுத்துப் பார்த்தார். மண்ணுக்குள்ளிருந்து கயிறு திருப்பி இழுபட்டது.

"வீட்டுக்கு வாங்கோ," என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கயிற்றை விட்டார்.

படகு கரைக்கு வரவேயில்லை. பொழுதுபட, நாங்கள் மதலேனாவின் வீட்டு வாசலில் நிற்க, ஸ்ரனிஸ்லஸ் வந்தார். மணிக்கட்டில் கயிற்றுத் துண்டு கிடந்தது. பாதங்களில் கடல்மணல் இல்லை, சிவப்புக் கிரவல் ஒட்டியிருந்தது.

"தேத்தண்ணி வைச்சிருக்கிறன்," என்றார் மதலேனா. அவரை உள்ளே விட்டு, எங்களைப் பார்க்காமல் கதவைச் சாத்திப் பூட்டினார்.