மூன்றாவது கால்தட்டு

“யாரோ இதுமேல ஏறி நின்னிருக்காங்க. அதுல சந்தேகமே இல்ல.”

உடைந்த கால்தட்டை விளக்கு வெளிச்சத்தில் புரட்டியபடியே சொன்னார் போஸ்ட்மார்ட்டம். சக்கர நாற்காலி தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில், உடைந்து திரும்பி வரும் பாகங்களை அறுத்துப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது அவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

எதிரே நின்ற லாரி டிரைவருக்குச் சுர்ரென்று ஏறியது.

“என்ன சார் பேசறீங்க? அது எம் பொண்ணோட நாற்காலி. விபத்துல அடிபட்டு ரெண்டு வருஷமா இடுப்புக்குக் கீழ அசைவே கிடையாது. நானும் என் சம்சாரமும் வேலைக்குப் போயிட்டா, பகல் முழுக்க அவ தனியாத்தான் இருக்கா. பேயா வந்து ஏறி நிக்குது?”

“பக்கத்து வீட்டுப் பசங்க யாராவது...”

“எங்க மாடியில பசங்களே கிடையாது.”

“பல்பு மாத்தறதுக்கு நீங்களே ஒருவேளை...”

“வீட்டுல ஏணி இருக்கு சார்!”

போஸ்ட்மார்ட்டம் தட்டை மேசைமேல் வைத்தார்.

டிரைவர் மேசையைக் காட்டினார். அங்கே ஏற்கெனவே உடைந்து வந்த இரண்டு தட்டுகளும் கிடந்தன. மூன்றுமே வலது கால் தட்டு.

“முதல் தட்டு ஏழு மாசம் வந்துச்சு. அடுத்தது மூணு மாசம். இது அஞ்சே வாரம்! போகப் போக உங்க சரக்கு மட்டமாகுது, பழியை எங்க தலையில கட்டறீங்க. தட்டு இல்லாம அவ கால் தரையில இழுபடுது சார். நாலு நாளா கட்டில்லயே கிடக்கா.”



கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் வந்தார். “இன்னுமா முடியல? தப்பாப் பயன்படுத்தினாங்கன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்தைப் போடுய்யா. உத்தரவாதம் ரத்து. அவ்வளவுதான்.”

“சார், பொண்ணு படுத்துக் கிடக்குதாம்.”

“அப்போ தட்டுல கோளாறுன்னு எழுதறியா? வெளிய போன அத்தனை நாற்காலியையும் திருப்பி வாங்கணும். அதுக்கும் நீதான் பதில் சொல்லணும்.”

அந்தத் தட்டைச் சோதித்துத் தேர்ச்சி கொடுத்ததே போஸ்ட்மார்ட்டம்தான். மூலையில் அந்தச் சோதனை இயந்திரம் இப்போதும் மணல் அடைத்த பொம்மைக் காலைத் தூக்கித் தூக்கித் தட்டின்மேல் வைத்துக்கொண்டிருந்தது. இரண்டு லட்சம் தடவை வைத்தும் ஒரு கீறல் விழாத தட்டு அது.

ஆனால் அந்த ஏழு மாதம், மூன்று மாதம், ஐந்து வாரக் கணக்கு அவரை உறுத்தியது. மூன்று தட்டும் ஒரே நாளில், ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே உலோகம். ஒரு தட்டைவிட அடுத்த தட்டு ஏன் சீக்கிரம் போக வேண்டும்?

தட்டுகளின்மேல் ஒட்டியிருந்த ரப்பர் விரிப்புகளை உரித்தெடுத்து வரிசையாக வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். முதல் விரிப்பைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதில் அப்படியே நின்றுவிட்டார்.

“பகல்ல நாற்காலி எங்க இருக்கும்?”

“ஜன்னலோரம். கம்பியப் பிடிச்சுக்கிட்டுத் தெருவைப் பாத்துட்டிருப்பா. பாவம், வேற என்ன செய்வா? ஆரம்பத்துல ஒருநாள் கட்டைவிரல் அசையுதுன்னு சொன்னா. வீடே கூத்தாடுச்சு. ஒரு மாசம் பாத்தோம், ஒண்ணும் நடக்கல. அவ அம்மா அழுத அழுகையப் பாத்துட்டு, காலைப் பத்தின பேச்சையே எடுக்கறதில்ல அவ.”

போஸ்ட்மார்ட்டம் பேனாவை எடுத்து இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். மேனேஜர் படித்தார்.

‘ஏறி நின்றதால் அல்ல, ஊன்றியதால் உடைந்தது. பிழை நம்முடையது.’

“என்னய்யா இது? வேலைக்கு உலை வெச்சுக்கறியா?”

“நாம மணல் காலை வெச்சுச் சோதிச்சோம் சார். மணல் கால் வெச்ச இடத்துல சும்மா கிடக்கும். இந்த நாற்காலில உக்கார்றவங்க கால் எல்லாமே அப்படித்தான்னு நானே முடிவு பண்ணிட்டேன். அதான் பிழை. கனமான தட்டு செய்யணும். அதுல முதல் தட்டை இவருக்கு நானே இன்னிக்குப் பொருத்திக் கொடுக்கறேன்.”

டிரைவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. “அப்ப யாரும் ஏறலையா சார்?”

“இங்க வாங்க. இது அஞ்சு விரல் அழுந்தின குழி, தெரியுதா? வெளியிலிருந்து ஒருத்தர் ஏறினா விரல் நாற்காலியப் பாத்து இருக்கணும். இது வெளியப் பாத்து இருக்கு. முதல் விரிப்புல லேசான தடம். ரெண்டாவதுல கொஞ்சம் ஆழம். இதுல பாருங்க, ரப்பரே கிழிஞ்சிருக்கு.”

டிரைவர் குனிந்து பார்த்தார். கிழிந்த ரப்பரை ஒரு விரலால் தடவினார்.

போஸ்ட்மார்ட்டம் அவர் தோளில் கை வைத்தார்.

“எங்க சரக்கு மட்டமாகலீங்க. ஜன்னல் கம்பியப் பிடிச்சு எந்திரிக்கப் பாக்கற உங்க பொண்ணுக்குத்தான் காலுல பலம் ஏறிக்கிட்டே வருது.”