பொங்கலுக்கு வாராரு

ஜனவரி 9. 'முட்டு' என்றால் சென்ட்ரிங் பலகைக்கு அடியில் நிறுத்தும் கம்பு என்று நினைத்திருந்தேன். தவறு.

டைரியில் எழுதிவிட்டு, இப்போது தெரிந்த அர்த்தமாவது சரிதானா என்று ரஞ்சிதா யோசித்தாள். திருச்செங்கோட்டில் மாலை நேர டேலி வகுப்பு. சார் இன்னும் வரவில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த சரிதா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

சரிதா தீபாவளிக்குப் பிறகு சேர்ந்தவள், தீவிர சினிமா ரசிகை. 'தீபாவளிக்கு வருவாருன்னு இருந்தேன், தள்ளிப்போச்சு' என்று ரஞ்சிதா முதல்நாள் சொன்னதுமே, கூட்டாளி கிடைத்தாள் என்று ஒட்டிக்கொண்டாள்.

ரசிகர்களின் பேச்சையெல்லாம் அவள்தான் சொல்லித் தந்தாள். படம் ஊத்திக்கொண்டாலும் காரணம் சொல்லித் தாங்கினால் முட்டு. இல்லாததை அளந்துவிட்டால் உருட்டு. போட்டோவில் இருக்கும் சட்டை நிறத்துக்கும் அர்த்தம் சொன்னால் டீகோடிங்.

மூன்றுமே ரஞ்சிதாவுக்குக் கைவந்திருந்தன. ஒடிசாவில் வேலை இழுத்துவிட்டது, அதனால்தான் வரவில்லை என்பாள். போட்டோவில் பின்னால் கரும்பு தெரிகிறது, அதனால் பொங்கலுக்கு நிச்சயம் என்பாள்.

"தயாரிப்பாளரே இப்பிடி முட்டுக் குடுக்கமாட்டாருங்க்கா," என்பாள் சரிதா. "பேரக்கூடச் சொல்லமாட்டீங்க. அவரு, அவருன்னுட்டு. அத்தன பக்தியா?"

ரஞ்சிதா மறுத்ததில்லை. பொங்கலுக்கும் வராவிட்டால் விட்டுவிடுவதாக மட்டும் சொல்லியிருந்தாள்.

"புது போட்டோ மாத்தியிருக்காரு," என்றாள் இன்று, அணைந்திருந்த போன் திரையைப் பார்த்தபடி. "தோள்மேல ஒரு கை. வளையல் போட்ட கை."

"புது ஹீரோயினா இருக்கும்ங்க்கா. அப்பப் பொங்கலுக்கு உறுதி."

"இல்ல சாமி. வரமாட்டாரு."

முட்டுக் கொடுக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மனதுக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அழுகையும் வரவில்லை.

சரிதாவுக்குச் சப்பென்றாகிவிட்டது. பொங்கல் இல்லையென்றால் சித்திரைக்கு வருவார், இதற்குப் போய் யாராவது மூஞ்சியைத் தொங்கப் போடுவார்களா என்று தேற்றினாள்.

"வராட்டிப் போறாரு. உங்களுக்கென்னங்க்கா நட்டம்?"

சார் உள்ளே வந்தார். ரஞ்சிதா டைரியில் 'நாளை' என்று எழுதி, பேனாவை நிறுத்தினாள்.

"பையங்கிட்டச் சொல்லோணும் சாமி, அப்பா வரமாட்டாருன்னு."